பறக்கும் தட்டும் என் கல்யாணமும்

எழுபதுகளின் நடுப்பகுதி, ஆடி மாதம். இலங்கை மலையகத்து அப்புத்தளையின் ஆடிக்காற்றை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊரில் அந்த மாதம் குடை விரிக்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். குடைக்குப் பின்னால் ஓடுகிறவர்களும் அவர்களே.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. மலை உச்சியை ஒட்டிய ஒரு தோட்டத்தில் கொழுந்து லொறியில் கிளீனராக இருந்தேன். தேயிலைக் கொழுந்தை மலை மலையாக ஏற்றிக்கொண்டு வந்து பெக்டரியில் இறக்குவது எங்கள் வேலை. எனக்குப் பெண்ணும் பேசி முடித்திருந்தார்கள். பெண், கீழே பெரகலப் பக்கத்துத் தோட்டம். பெண் பார்க்கப் போன அன்று தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினாள், நான் வாங்கினேன், அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பழக்கம். அவள் குரல்கூட எனக்குத் தெரியாது. ஆவணியில் கல்யாணம்.

அவளுடைய அப்பா கங்காணி. நாற்பது பெண்களை வேலை வாங்குகிறவர். மூத்த மகளை ஒரு குடிகாரனுக்குக் கொடுத்துவிட்டு, அவள் கைக்குழந்தையோடு திரும்பி வந்ததைப் பார்த்தவர். அதனால் என்னிடம் வீடு, வாசல், ஆடு, மாடு எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி குடிக்குமா?"

"இல்லீங்க" என்றேன். உண்மைதான். கசிப்புச் சாராய வாசனை வந்தாலே எனக்குக் குமட்டும்.

"அப்ப சரி" என்றார். பேச்சு முடிந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அந்தி நேரத்தில் கடைசிக் கொழுந்தை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தோம். மலைமுதுகில் ஒரு வளைவு உண்டு. அதில் ஏறும்போது லொறி கொதித்துவிட்டது. டிரைவர் அண்ணன் தண்ணீர் எடுக்க டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போனார். மணி ஆறு, ஆறே கால் இருக்கும். பகலெல்லாம் மூடியிருந்த பனி சட்டென்று விலகியது. கீழே பள்ளத்தாக்கு இருண்டு கிடக்கிறது. அந்த இருட்டுக்குள்ளிருந்து, சத்தமே இல்லாமல், ஒரு வெளிச்சம் எழும்பி வந்தது.

உருண்டையாக, வெள்ளையாக, ஓரத்தில் கொஞ்சம் செம்பு நிறம். எழும்பியது, நின்றது, தொட்டில் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடியது. பிறகு என் தலைக்கு மேலாக வந்து, மலைமுதுகைத் தாண்டும்போது ஊதி அணைத்த விளக்கைப் போல இல்லாமல் போய்விட்டது. டிரைவர் அண்ணன் வந்தபோது நான் லொறிக்கடியில் இருந்தேன்.

"என்னடா, ஒயில் ஒழுகுதா?" என்றார்.

எனக்குப் பேச்சு வர கொஞ்ச நேரம் ஆனது. வந்த பிறகு நிற்கவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

அந்தக் காலத்தில் பறக்கும் தட்டுப் பற்றிப் பத்திரிகைகளில் அவ்வப்போது எழுதுவார்கள். எங்கோ அமெரிக்காவில் இறங்கியதாம், ரஷ்யாவில் தெரிந்ததாம் என்று. பெரகலச் சந்தியில் தட்டுப்பாட்டுக் காலத்துப் பாண் ரொட்டி வரிசையில் நிற்கிறவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. நான் முதல் நாள் லயத்தில் பக்கத்து வீட்டாரிடம் சொன்னபோது அது வெறும் வெளிச்சம்தான். மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் சொன்னபோது அதற்கு ஒரு ரீங்காரம் சேர்ந்துகொண்டது. மூன்றாம் நாள் பெக்டரி வாசலில் ஒருவர், "உள்ளுக்கு ஆள் இருந்திச்சா?" என்று கேட்டார். அவருடைய கண்ணில் அவ்வளவு ஆசை. அந்த ஆசையை எப்படி ஏமாற்றுவது? "ஆள் தெரியல. ஆனா ஜன்னல் இருந்திச்சு" என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஜன்னல்கள் ஆறாகி, அடியில் நீல நெருப்பும் வந்து, அந்த வெளிச்சம் அரைமணி நேரம் லொறிக்கு மேலேயே நின்றுவிட்டது.

ஆட்கள் எனக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்கள். பெரியவர்கள்கூட வழிவிட்டு உட்கார வைத்தார்கள். லொறியின் பின்பலகையில் தொங்கிக்கொண்டு போகிறவனுக்கு அந்த மரியாதை எவ்வளவு இனிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

ஆனால் பேச்சு மலையில் உருண்டு இறங்கும் கல். மேலே இருந்து கீழே போக அதற்கு வண்டி தேவையில்லை. கங்காணியார் காதுக்கு அது போய்ச் சேர்ந்தபோது, தட்டு ஒரு பக்கம் இருக்க, பார்த்தவன் லொறிக்கடியில் கிடந்தான் என்பதுதான் பெரிதாகப் போயிருந்தது. அந்தி நேரம், லொறிக்கடியில் கிடக்கிறான், ஆகாயத்தில் ஜன்னல் தெரிகிறது. அவர் வேறு என்ன நினைப்பார்?

பெரகலச் சந்தியில் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர்தான், இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சுக் கொண்டுபோனவர். அவர் எங்கள் லொறியைக் கைகாட்டி நிறுத்தினார்.

"தம்பி, பொண்ணு வீட்டுல கல்யாணத்த நிப்பாட்டச் சொல்றாங்க."

நான் பின்பலகையிலிருந்து குதித்தேன். "ஏன் நானா?"

"ஏனா? நீங்க ஒரு போத்தல முடிச்சிட்டு வானத்துல ஜன்னல் எண்ணிக்கிட்டு இருக்கீங்களாமே. வார ஞாயிறு மூணு மணிக்கு என் கடைக்கு வாங்க. அவரும் வாரார். பாத்தத அவர் மொகத்துக்கு நேரா சொல்லுங்க. என்னால அவ்வளவுதான் செய்ய முடியும்."

ஞாயிறு வந்தது. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, டிரைவர் அண்ணனைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவர் எதையும் பார்க்கவில்லை. ஆனால் நான் குடித்திருக்கவில்லை என்பதற்கு அவரை விட்டால் ஆளில்லை. நான்கு பேர் இருப்பார்கள் என்று நினைத்தேன். கடைக்கு உள்ளேயும் வெளியேயும் இருபது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டரும் வந்திருந்தார். கங்காணியார் பெஞ்சின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாஸ்டர்தான் தொடங்கினார். "இதுல ஒண்ணுமில்ல. அந்தி நேரத்துல மேற்கால பளிச்சுனு தெரியிறது வெள்ளிக் கிரகம். படிச்சவங்களே ஏமாந்திருக்காங்க."

நான் உடனே, "வெள்ளிக்கு ஜன்னல் இருக்குமா மாஸ்டர்?" என்றேன். கூட்டம் சிரித்தது. மாஸ்டர் முகம் சுருங்கியது.

நானா சொன்னார், "பஸ் லைட்டா இருக்கும். வெல்லவாயப் பக்கம் இருந்து ஏறி வார பஸ்ஸு வளைவுல திரும்பக்குள்ள பனியில வெளிச்சம் அந்தரத்துல நிக்கும். நானே பாத்திருக்கேன்."

"பஸ்ஸு அரைமணி நேரம் என் தலைக்கு மேல நிக்குமா நானா?"

"ஏன் நிக்காது? எங்க பஸ்ஸு எங்கயும் நிக்கும்" என்றார் டிரைவர் அண்ணன். மறுபடி சிரிப்பு.

ஒருவர் காட்டுத்தீ என்றார். இன்னொருவர் மழை பார்க்கிற இலாகாவில் பலூன் விடுவார்கள், அது என்றார். கோயில் திருவிழாவுக்கு உயரத்தில் விளக்குக் கட்டியிருப்பார்கள் என்றார் ஒருவர். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. காட்டுத்தீ என்றால் ரீங்காரம் எப்படி? பலூனுக்கு அடியில் நீல நெருப்பு ஏது? நான் எல்லாரையும் மடக்கிக்கொண்டே வந்தேன். கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிறோம் என்ற குஷியில், நான் வாய் திறக்கத் திறக்கக் கங்காணியாரின் முகம் இறுகிக்கொண்டு வருவதைக் கவனிக்கவே இல்லை.

அவர் கடைசியில்தான் பேசினார். சத்தம் போடவில்லை.

"தம்பி, எங்க மலையில கொழுந்து நிறுக்கிறதப் பாத்திருப்பீங்க."

"பாத்திருக்கேங்க."

"தராசுல முப்பது றாத்தல் காட்டும். அப்படியே எழுதுவமா? சாக்குக்குக் கழிப்போம். மழை நாள்னா தண்ணிக்குக் கழிப்போம். முத்தல் எல, காம்பு கெடந்தா அதுக்கும் கழிப்போம். கழிச்ச பொறகு என்ன மிச்சமோ, அதுதான் கொழுந்து. இப்ப நீங்க கொண்டாந்து கொட்டினத நான் கழிக்கப் போறேன். நெசத்த மட்டும் சொல்லுங்க. ஜன்னல் இருந்திச்சா?"

இருபது பேர் என்னைப் பார்க்கிறார்கள். 'இருந்திச்சு' என்று சொல்லிவிட்டால் என் மரியாதை பிழைக்கும். ஆனால் அந்த மனுஷனின் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"இல்லீங்க" என்றேன்.

வெளியே நின்றவர்களில் யாரோ "அட!" என்றார். ஜன்னலைக் கேட்டு வாங்கியவர் அவராகத்தான் இருக்கும்.

"நீல நெருப்பு?"

"அதும் இல்லீங்க."

"சத்தம்?"

"லொறி எஞ்சின்ல தண்ணி கொதிச்ச சத்தங்க."

"அரைமணி நேரம் நின்னுச்சா?"

"ஒரு வெத்தில மடிச்சு வாயில போடுற நேரம் இருக்கும்."

"குடிச்சிருந்தீங்களா?"

"சத்தியமா இல்லீங்க" என்றேன். டிரைவர் அண்ணன் எழுந்து, "அது மட்டும் இல்ல கங்காணியாரே. இவனுக்கு ஊத்திப் பாத்து நான் தோத்துப் போனவன்" என்றார். அப்படிப்பட்ட சாட்சி எனக்கு.

கங்காணியார் சிரிக்கவில்லை. "குடிக்கிறானான்னு பாக்க வந்தேன். குடிக்கல. ஆனா இத்தன பொய் சொல்லியிருக்கீங்களே தம்பி. எம் மகள ஒரு குடிகாரன்ட்ட குடுத்தாச்சு. இன்னொருத்திய பொய்க்காரன்ட்ட குடுக்கவா?"

தலை குனிந்தபடி, "எல்லாம் பொய்தாங்க. ஆனா ஒண்ணு பறந்திச்சு. வெள்ளையா, தலகாணி மாதிரி உப்பிக்கிட்டு, பள்ளத்துல இருந்து எழும்பி வந்திச்சு. ஆடிச்சு. மலையத் தாண்டினதும் அணைஞ்சிருச்சு. அது மட்டும் நெசம். அதக் கழிக்காதீங்க" என்றேன்.

அவர் எழுந்து போகத்தான் போகிறார் என்று நினைத்தேன். எழுந்தார். ஆனால் போகவில்லை.

"என்னைக்கு?" என்றார்.

"போன வியாழனுக்கு முந்தின வியாழன்."

"எந்தப் பள்ளம்?"

நான் கையால் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு என்னிடம் இல்லை, நானாவிடம் சொன்னார். "அன்னைக்கு எம் சின்ன மக கொங்காணிய தொலைச்சிட்டு வந்தா."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உர மூட்டைக்கு உள்ளே வெள்ளைப் பொலித்தீன் உறை ஒன்று வரும். தோட்டத்துப் பெண்கள் அதைக் கழுவி எடுத்து, அடியில் ஒரு மூலையை மறு மூலைக்குள் சொருகி, தலையிலிருந்து முதுகு வரை மழைக்குப் போட்டுக்கொள்வார்கள். அதுதான் கொங்காணி. தட்டுப்பாட்டுக் காலத்தில் அது லேசில் கிடைக்காது. தொலைத்தால் வீட்டில் ஏச்சு நிச்சயம்.

"வேலை விட்டு வாரப்ப ஈரத்த உதறுனாளாம், காத்து புடுங்கிக்கிட்டு மேல போயிருச்சாம். மேலன்னா எங்கடின்னு கேட்டேன். ஆகாயத்துக்குன்னு சொன்னா. யாருக்குக் குடுத்த, பொய் சொல்லாதன்னு ஏசிட்டேன்."

டிரைவர் அண்ணன் தொடையில் தட்டினார். "அப்ப அதுதான் தட்டு!"

"அவசரப்படாதீங்க" என்றார் மாஸ்டர். வெள்ளிக் கிரகத்தை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. "பொலித்தீன் பளபளக்கும், சரி. விளக்கு மாதிரி எரியுமா? பறக்க விட்டுப் பாக்கணும்."

அது எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. நானா கடையை மூடிவிட்டுப் பழைய உறைகள் இரண்டு எடுத்துக்கொண்டார். கங்காணியார் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "பறந்தா, நீங்க சொன்னதுல ஒரு றாத்தலாவது நெசம்னு எடுத்துக்கிறேன். பறக்கலன்னா இந்தப் பேச்ச இதோட விட்டுருவோம்."

கங்காணியார் தோட்டத்து மலைச்சரிவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது இறங்கிவிட்டது. காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது. எங்களுக்குப் பின்னால் லயத்திலிருந்தும் ஆட்கள் வந்து, ஏதோ திருவிழா போல ஆகிவிட்டது. டிரைவர் அண்ணன் உறையை விரித்து, இரண்டு கையாலும் தூக்கிக் காற்றில் விட்டார். அது இரண்டு முறை படபடத்தது. பிறகு செத்த காக்கை மாதிரி பக்கத்துத் தேயிலைச் செடியில் விழுந்தது.

"வெள்ளிக் கிரகம்" என்றார் மாஸ்டர், மெதுவாக.

என் கல்யாணம் அந்தத் தேயிலைச் செடியில் மாட்டிக்கொண்டு கிடந்தது. கங்காணியார் என்னைப் பார்க்கவில்லை. கீழே போக ஓர் அடி எடுத்து வைத்தார்.

"அப்படி விட்டா பறக்காதுப்பா."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல். எல்லாரும் திரும்பினார்கள். நானும் திரும்பினேன். தேத்தண்ணிக் கோப்பையைத் தவிர அவள் கையில் நான் எதையும் பார்த்ததில்லை. இப்போது அந்தக் கை, நானாவிடமிருந்த மற்ற உறையை உரிமையோடு வாங்கியது.

"தட்டையா விட்டா எப்படிப் போகும்? கொங்காணி போட்ட மாதிரி இருக்கணும்" என்று மூலையை மூலைக்குள் சொருகினாள். இடுப்பில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்து உறையின் வாயைப் பாதி இறுக்கிக் கட்டினாள். "நான் கழுத்துல இப்படித்தான் கட்டியிருந்தேன். கழட்டி உதறினேன்." சொல்லிக்கொண்டே, மழைநீரை உதறுவது போல ஒரே ஓர் உதறல்.

உறை புசுக்கென்று உப்பியது. அவள் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பியது. முதலில் அது சும்மா சாம்பல் நிற உறைதான். நாங்கள் நின்ற சரிவில் வெயில் எப்போதோ போய்விட்டது. ஆனால் மேலே மலைமுதுகின் உயரத்தில் கடைசி வெயில் இன்னும் பாய்ந்துகொண்டிருந்தது. உறை எழும்பி எழும்பி அந்த வெயிலைத் தொட்டதுதான் தாமதம், யாரோ திரியைத் தூண்டிவிட்டது போலப் பற்றிக்கொண்டது. வெள்ளையாக, ஓரத்தில் செம்பாக. நின்றது. ஆடியது. மலைமுதுகைத் தாண்டியது. அணைந்தது.

பிறகு லயத்துப் பிள்ளைகள் போட்ட கூச்சல் அப்புத்தளை ஸ்டேஷனுக்கே கேட்டிருக்கும்.

"இது பறந்திச்சுங்கறதால அன்னைக்கு பறந்ததும் இதுதான்னு ஆகிறாது" என்றார் மாஸ்டர்.

"ஆகாதுதான் மாஸ்டர். கல்யாணம் முடியட்டும். ஆறுதலா ஒக்காந்து பேசுவோம்" என்றார் கங்காணியார். அப்படித்தான் எனக்குச் சேதி தெரிந்தது.

ஆனால் அவர் முதலில் என்னிடம் வரவில்லை. மகளிடம் போனார். அத்தனை பேருக்கு முன்னால், அவருடைய கும்பலில் வேலை செய்யும் பெண்களுக்கும் முன்னால், "நீ நெசத்தத்தாம்மா சொன்ன. அப்பாதான் நம்பல" என்றார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகுதான் என் பக்கம் வந்தார். "குடிகாரன் சொன்னதுக்கு மேல ஏத்திக்கிட்டேதான் போவான். எம் மூத்த மருமகன்ட்ட பாத்திருக்கேன். நீங்க அம்புட்டுப் பேர் முன்னுக்கு ஒண்ணொண்ணா எறக்குனீங்க. அதனாலதான் ஒத்துக்கிறேன். இனிமே ஏத்தாதீங்க" என்றார். "ஏத்த மாட்டேன் மாமா" என்றேன். அந்த 'மாமா' எனக்கே தெரியாமல் வந்துவிட்டது. அவர் திருத்தவில்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பந்தியில் மாஸ்டரும் நானாவும் டிரைவர் அண்ணனும் பாயாசத்தை ஆறவிட்டு வெள்ளியா, பஸ்ஸா, பொலித்தீனா என்று மறுபடி தொடங்கிவிட்டார்கள். முடிவு கிடைக்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அது பொலித்தீன்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் அதுதான் என்று மட்டும் சொல்வேன். முதலில் பறந்ததை யாரும் கண்டெடுக்கவில்லையே.

கல்யாணமாகிக் கொஞ்ச நாள் கழித்து என் மனைவி ஒன்று சொன்னாள். கொங்காணி தொலைந்த அன்று அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாளாம். ஏச்சு வாங்கியதற்காக இல்லை. "நான் சொன்னது அப்படியே நெசம். அத யாரும் நம்பல. நீங்க சொன்னது பாதிக்கு மேல பொய். அத ஊரே நம்பிருச்சு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று இரவு எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அலங்காரமாகப் பேசத் தெரிந்தவனுக்கு நாற்காலி போட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னவளைப் பட்டினி போட்டிருக்கிறோம். அன்று முதல், சுருக்கமாக, கூச்சத்தோடு, கேட்கிறவர்களுக்கு ருசிக்காத விதத்தில் யாராவது ஒன்றைச் சொன்னால், நான் முதலில் நம்பிவிட்டுத்தான் பிறகு யோசிக்கிறேன்.